பேசவும் கற்றுத் தாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

எங்கள் பகுதித் தொடக்கப்பள்ளி ஒன்றின் ஆண்டு விழாவில், மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி மனப்பாடம் செய்த ஐந்து வரிகளில் இரண்டாவதிலேயே தடுமாறி, பாவாடை நுனியைத் திருகியபடி கண்கலங்கி நின்றாள். அதே சிறுமி காசிமேடு மீன் ஏலத்தில் பாட்டியின் அருகே நின்று, எந்தக் கூடை என்ன விலைக்குப் போயிற்று, ஏன் போயிற்று என்று தங்குதடையின்றிச் சொல்வதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். அவளுக்குப் பேச்சு வராமல் இல்லை. தன் பேச்சுக்கு வகுப்பறையில் இடமில்லை என்று எண்ணிவிட்டாள்.

கேட்டல், பேசுதல், படித்தல், எழுதுதல் என்ற வரிசையில் பேசுதல் இரண்டாவதாக நின்றாலும், மதிப்பெண் பெரும்பாலும் எழுத்துக்கே கிடைக்கிறது. தொடக்க வகுப்புகளுக்காகத் தமிழக அரசு 2022இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தால் பாட்டும் கதையும் வகுப்புக்குள் வந்தது மகிழ்ச்சிக்குரியதே. ஆனால் எல்லோரும் சேர்ந்து ஒப்பிப்பது வேறு, மனத்தில் உள்ளதைத் தானே கோத்துச் சொல்வது வேறு.

நாளும் பத்து நிமிடம் ஒதுக்கி, இரண்டு குழந்தைகள் தாங்கள் கண்டதைச் சொல்லட்டும். முப்பது பேர் உள்ள வகுப்பில் மூன்று வாரத்தில் எல்லோருக்கும் முறை வந்துவிடும். குழந்தை ‘வந்துச்சு’ என்றால் இடைமறித்துத் திருத்தாமல், முடித்தபின் ஆசிரியர் தம் பதிலில் ‘வந்ததா?’ என்று கேட்டாலே போதும். வடசென்னைப் பேச்சைக் கேலி செய்யும் வழக்கம் வகுப்பறைக்குள்ளும் நுழைந்திருப்பது எனக்குப் பெரும் வேதனை. வீட்டில் தெலுங்கோ உருதோ பேசும் பிள்ளைகளுக்கு இந்தப் பொறுமை இன்னும் கூடுதலாகத் தேவை.

வரும் கல்வியாண்டிலேனும் பள்ளிக் கல்வித்துறை இதைக் கால அட்டவணையில் சேர்க்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
காசிமேடு, சென்னை.