டிராகனின் நெருப்பு மாறவில்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

பாத்திரம் ஏற்றுப் பகடை உருட்டி ஆடும் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தின் ஐம்பது ஆண்டுகளைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை, விதிகள் எளிதாகிக்கொண்டே வந்ததாகவும் படங்கள் அழகாகிக்கொண்டே வந்ததாகவும் இரண்டு தனிக் கதைகளைச் சொல்லியது. எனக்குத் தெரிந்து அது ஒரே கதை. ஒரு பதிப்பின் விதிகள் எதற்குப் பரிசு தருகின்றன, ஆட்டக்காரரின் பாத்திரம் எவ்வளவு காலம் தாங்கும் என்பதைப் பெரும்பாலும் அதன் படங்களே காட்டிக்கொடுத்துவிடும்.

1978இல் வந்த பிளேயர்ஸ் ஹேண்ட்புக்கின் (முதல் பதிப்பில் ஆட்டக்காரருக்கான விதிநூல்) அட்டையைப் பாருங்கள். வரைந்தவர் டேவிட் டிராம்பியர். சண்டை முடிந்துவிட்டது. பல்லி மனிதர்கள் செத்துக் கிடக்கிறார்கள். சிலர் வரைபடம் பார்க்கிறார்கள். இருவர் ராட்சதச் சிலையின் தலைமேல் ஏறி, கண்ணில் பதித்த மணியை நெம்பி எடுக்கிறார்கள். வீரம் காட்டும் படமே அல்ல இது, கொள்ளைக்காரர்களின் படம். விதியும் அதையேதான் சொல்கிறது: ஒரு தங்கக் காசுக்கு ஒரு அனுபவப் புள்ளி. ஃபைட்டர் என்ற போர்வீரர் பாத்திரம் இரண்டாம் லெவலுக்குப் போக 2,001 புள்ளி வேண்டும். ஓர்க் என்ற சாதாரண அரக்கன் ஒன்றைக் கொன்றால் கிடைப்பது 10, கூடவே அதன் ஒவ்வொரு ஹிட் பாயின்ட்டுக்கும் (அடி தாங்கும் உயிரளவு) ஒன்று. சராசரியாகப் பதினான்கு, பதினைந்து. கொன்றே முன்னேற நினைப்பவர் தன் பங்குக்கு மட்டும் 138 ஓர்க்கைக் கொல்ல வேண்டும். சண்டையைத் தவிர்த்துப் பெட்டியை மட்டும் தூக்கிக்கொண்டு ஓடுபவர்தான் கெட்டிக்காரர். 2014 பதிப்பிலோ ஓர்க்குக்கு 100 புள்ளி, இரண்டாம் லெவலுக்கு 300. மூன்று ஓர்க் போதும். அந்த ஆண்டின் அட்டையில் மணியும் இல்லை, வரைபடமும் இல்லை. டைலர் ஜேக்கப்சன் வரைந்த தீ அரக்கனோடு நேருக்கு நேர் மோதல்தான்.

பழைய சாகசங்களைப் புதிய விதியில் நடத்துபவர்கள் இடறுவது இங்கேதான். ஓர்க்குகளை அதே எண்ணிக்கையில் விட்டால் முதல் லெவல் ஆட்டக்காரர் கூட்டம் ஒரே அறையில் அழிந்துபோகும். தப்பித்தால் மளமளவென்று லெவல் ஏறும். புதையலோ செலவழிக்க வழியின்றி மூட்டை மூட்டையாகக் கிடக்கும். என் யோசனை: ஓர்க்குகளைக் கால்வாசியாகக் குறையுங்கள், கொலைக்குப் புள்ளி தராதீர்கள், வெளியே கொண்டுவந்த தங்கத்துக்குத் தாருங்கள். ஆனால் ஒன்றுக்கு ஒன்று கூடாது. இரண்டாம் லெவலுக்கு ஏறக்குறைய ஏழு காசுக்கு ஒரு புள்ளி. ஐந்தாம் லெவலுக்குப் பழைய தேவை 18,001, புதியது 6,500 என்பதால் அப்போது மூன்று காசுக்கு ஒன்று. ஒரே விகிதத்தை ஆட்டம் முழுக்க வைத்துக்கொண்டால் நடுவில் சிக்கிக்கொள்வீர்கள்.

தாக்கோ பற்றியும் ஒரு திருத்தம். ஆர்மர் கிளாஸ் என்பது ஒருவரின் தற்காப்பு எண், பழைய பதிப்புகளில் அது குறைவாக இருந்தால் நல்லது; அது பூஜ்யமாக உள்ள எதிரியை அடிக்கப் பகடையில் விழ வேண்டிய எண்தான் தாக்கோ. 1989இன் இரண்டாம் பதிப்பு அதைப் புதிதாகக் கண்டுபிடித்துவிடவில்லை. ஆட்டத்தை நடத்தும் டஞ்சன் மாஸ்டருக்காக 1979இல் வந்த டஞ்சன் மாஸ்டர்ஸ் கைடின் பின்னிணைப்பில், அரக்கர் பட்டியலிலேயே ஆர்மர் கிளாஸ் பூஜ்யத்தை அடிக்க எவ்வளவு வேண்டும் என்று ஒரு பத்தி உண்டு. 2000இல் வந்த மூன்றாம் பதிப்பு கணக்கை எளிதாக்கியது என்பதும் பாதி உண்மைதான். இரண்டாம் பதிப்பின் ஐந்தாம் லெவல் ஃபைட்டருக்குத் தாக்கோ 16. எதிரியின் ஆர்மர் கிளாஸ் 3 என்றால் 16இல் 3ஐக் கழித்து, இருபது பக்கப் பகடையில் 13 விழ வேண்டும். அதையே திருப்பிப்போட்டால் தாக்குதல் போனஸ் (பகடையில் விழுவதோடு கூட்டுவது) +4, எதிரியின் ஆர்மர் கிளாஸ் 17. விழ வேண்டியது அதே 13. பழைய எண்ணை 20இலிருந்து கழித்தால் புதிய எண், அவ்வளவுதான். தொல்லை தந்தது கழித்தலின் திசை: +1 கேடயம் வாங்கினால் ஆர்மர் கிளாஸ் குறையும், எதிரியின் ஆர்மர் கிளாஸ் -2 என்றால் தாக்கோவோடு கூட்ட வேண்டும். கூடவே தாக்குதலுக்குப் பகடை அதிகம் விழ வேண்டும், திருடன் பாத்திரத்தின் திறமைகளுக்கான சதவீதப் பகடைக்குக் குறைவாக விழ வேண்டும். மூன்றாம் பதிப்பின் உண்மையான சாதனை, எல்லாவற்றுக்கும் பகடை அதிகம் விழுந்தால் நல்லது என்று ஒரே திசையில் திருப்பிவிட்டதே.

இனி டிராகன். 1977இன் அரக்கர் நூலான மான்ஸ்டர் மேனுவலில் சிவப்பு டிராகனின் ஆர்மர் கிளாஸ் -1. மிகப் பெரியதும் மிக மூத்ததுமான ஒன்றுக்கு 11 ஹிட் டைஸ் (ஹிட் பாயின்ட்டைத் தீர்மானிக்கும் பகடைகள்), ஒவ்வொன்றுக்கும் 8 வீதம் 88 ஹிட் பாயின்ட். நெருப்பு ஊதினால் சேதமும் அதே 88. சேவிங் த்ரோ என்ற தப்பிக்கும் பகடையில் தப்பினால் பாதி. 2014இன் ஏன்ஷியன்ட் ரெட் டிராகன் ஊதினால் 26 ஆறுபக்கப் பகடைகளை உருட்ட வேண்டும், சராசரி 91. ஆர்மர் கிளாஸ் 22. பழைய -1ஐத் திருப்பினால் 21. ஆக, 37 ஆண்டுகளில் நெருப்பும் தோலும் ஏறக்குறைய அப்படியே இருக்கின்றன. ஹிட் பாயின்ட்தான் 88இலிருந்து 546 ஆகிவிட்டது. எதிரே நிற்பவரும் வேறு ஆள். முதல் பதிப்பின் ஒன்பதாம் லெவல் ஃபைட்டருக்குச் சராசரியாக ஐம்பது ஹிட் பாயின்ட்கூட இல்லை. சேவ் தவறினால் சாம்பல். 2014இன் பதினேழாம் லெவல் ஃபைட்டருக்கு, உடலுறுதிக்கான கான்ஸ்டிடியூஷன் போனஸைச் சேர்க்காமலே 106. முழு நெருப்பையும் வாங்கிக்கொண்டு நிற்பார். லெவல் எண்கள் இரண்டு பதிப்பிலும் ஒரே பொருள் தருவதில்லை என்பதால், டிராகனை எதிர்க்கத் துணியும் அளவு ஆட்களையே ஒப்பிடுகிறேன்.

அதனால் பழைய டிராகன் சண்டை இரண்டு மூன்று சுற்றில் முடிந்துவிடும், யார் முந்துகிறார்கள் என்பதே பேச்சு. டிராகன் தூங்கிக்கொண்டிருக்கும் வாய்ப்புக்குச் சதவீதம் போட்டிருந்தது வேடிக்கைக்கு அல்ல. அடித்து அடக்கி விற்கவும் விதி இருந்தது! 1983இல் வந்த சிவப்புப் பெட்டி என்ற அறிமுகப் பெட்டியில் நெருப்பின் சேதம் டிராகனிடம் அந்த நேரத்தில் மிச்சமிருக்கும் ஹிட் பாயின்ட். காயம் பட்டால் நெருப்பும் தணியும். 2008இன் நான்காம் பதிப்பு இதைத் தலைகீழாக்கியது. ஹிட் பாயின்ட் பாதியாகக் குறைந்ததும் டிராகன் உடனே இன்னொரு முறை ஊதும். முதல் விதியில் டிராகன் சாகக்கூடிய ஒரு விலங்கு; இரண்டாவதில் அது அரங்கேற்றத்துக்கு வந்த வில்லன், இடைவேளைக்குப் பிறகு கோபம் கூடித்தான் ஆக வேண்டும்.

படங்களும் இதே வழியில் போயின. டேவிட் சதர்லண்டின் பழைய டிராகன்கள் பத்தி அகலத்துக்குள் அடங்கிய கறுப்புவெள்ளைக் கோட்டோவியங்கள். விலங்கியல் பாடநூலில் வரும் படம் மாதிரி, ஆளை அடையாளம் காட்டினால் போதும். இரண்டாம் பதிப்பில் லாரி எல்மோரின் வண்ணப் படம் ஒன்று உண்டு: சாகசக்காரர்கள் வேட்டைக்காரர்கள் போல வரிசையாக நிற்க, கொன்ற டிராகன் மரத்தில் தலைகீழாகத் தொங்குகிறது. அது குட்டி டிராகன். என் கணக்கில் ஐம்பது ஆண்டுகளில் விதிக்கு மிக நேர்மையாக இருந்த படம் இதுதான். அந்தப் பதிப்பு டிராகனுக்குப் பன்னிரண்டு வயதுப் படிகள் வைத்து மூத்தவற்றை ஏகத்துக்குப் பலப்படுத்தியது. கீழ் லெவல் கூட்டத்தால் முடிந்தது அந்தக் குட்டிதான். அதற்கே அத்தனை பெருமிதம்.

மூன்றாம் பதிப்பின் நாயகர்களுக்கு ஏன் அத்தனை வார், பக்கிள், பை என்று கட்டுரையாளர் கிண்டல் செய்திருந்தார். விதியைப் படித்தால் காரணம் தெரியும். அதில் உடம்பே ஒரு அலமாரி: இரண்டு மோதிரம், ஒரு பெல்ட், ஒரு மேலங்கி, ஒரு ஜோடி பூட்ஸ் என்று மந்திரப் பொருளுக்கு இடம் குறித்திருந்தார்கள். எந்த லெவலில் எவ்வளவு மதிப்புள்ள பொருள் இருக்க வேண்டும் என்று அட்டவணையும் உண்டு. அதைத் தராத டஞ்சன் மாஸ்டரின் ஆட்டத்தில் அரக்கர்கள் கூட்டத்தைத் துவைத்துவிடுவார்கள். டாட் லாக்வுட்டும் சாம் வுட்டும் வரைந்தது அந்த அட்டவணையைத்தான்.

படம் விதிக்குப் பின்தங்கிய இடமும் உண்டு. முதல் பதிப்பில் மனிதப் பெண் பாத்திரத்தின் பலம் 18/50ஐத் (18ஐச் சதவீதத்தில் பிரித்த அளவு, 00 என்றால் நூறு) தாண்டக்கூடாது, ஆணுக்கு 18/00 வரை போகலாம். 1989இல் அந்த வரம்பை எடுத்துவிட்டார்கள். ஆனால் இடுப்பையும் மார்பையும் மட்டும் மூடும் கவசப் பெண்கள் படங்களில் பல ஆண்டுகள் தொடர்ந்தார்கள். விதி சமமாக்கிவிட்ட பிறகும் வாளுக்கு முன்னால் வயிற்றைத் திறந்துவைத்து நிற்பதற்கு விற்பனையைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

கடைசியாக, கட்டுரையோடு வந்த படத்தின் குறிப்பு தவறு. தனி வீரனை எதிர்க்கும் அந்தச் சிவப்பு டிராகன் 1974இன் முதல் பெட்டியில் வந்தது அல்ல. அந்தப் பெட்டி பழுப்பு நிறம், உள்ளே மூன்று சிறு நூல்கள். படங்களில் சில மார்வெலின் ஸ்ட்ரேஞ்ச் டேல்ஸ் காமிக்ஸைப் பார்த்து வரைந்தவை. டிராகன் அட்டையோடு வந்த அறிமுகப் பெட்டிகள் மூன்றைக் குழப்பிக்கொள்வது வழக்கம். புதையல் குவியல்மேல் டிராகன், சதர்லண்ட் வரைந்தது என்றால் 1977. எரோல் ஓட்டஸின் பச்சை டிராகன் என்றால் 1981. நீங்கள் அச்சிட்டது 1983, எல்மோர்.

அன்புடன்,
ஒரு வாசகர்