பாப்பாவுக்கு, கொட்டகை விஷயமாக

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கு எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. சித்தி வீட்டுப் பசு கிடேரிக் கன்று போட்டிருக்கிறது. மற்றச் சேதியெல்லாம் அம்மா போனில் சொல்வாள். நான் எழுத உட்கார்ந்தது கொட்டகை விஷயமாக.

"சாமான் கொஞ்ச நாள் போட்டு வைக்க ஈரம் படாத இடம் இருக்குமா" என்று அம்மாவிடம் கேட்டாயாம். இருக்கும் என்று சொல்லச் சொன்னேன். பின்கட்டு இருக்கிற இருப்பு உனக்குத் தெரியும், கொப்பரைச் சாக்கும் உர மூட்டையும் போக ஆள் நிற்க இடமில்லை. அதனால் புதுக் கொட்டகையை நாலு அங்கணத்திலிருந்து, அதாவது காலுக்கும் காலுக்கும் நடுவே உள்ள கட்டு நாலிலிருந்து, ஐந்தாக ஆக்கிவிட்டேன். 40 அடி நீளம் இப்போது 50 அடி. அகலம் அதே 20 அடிதான். கிழக்குக் கடைசி அங்கணம் உனக்கு.

இரும்பு விற்கிற விலையில் இவ்வளவு பெரிசு எதற்கு என்று உன் மாமா கேட்டார். விலை வரும்வரை தேங்காயைப் போட்டு வைக்க வேண்டாமா என்று சொல்லிவிட்டேன். வேறு ஒன்றும் அவரிடம் சொல்லவில்லை. சொல்ல எனக்கும் ஒன்றும் தெரியாதே.

கால் நடுவதில்தான் வெல்டிங்காரருக்கும் எனக்கும் ஒத்துவரவில்லை. 2 அடிக் குழி போதும், கான்கிரீட் போட்டால் யானை கட்டலாம் என்கிறார். பாரம் தாங்குவதைப் பற்றி எனக்குக் கவலையில்லை. தகரக் கூரைக்கு என்ன பெரிய பாரம்? மேலே தூக்கும்போது பிடித்து நிற்க வேண்டும், அதுதான் என் கவலை. பெரியப்பா கொட்டகைக்கு மூன்று பக்கமும் சுவர், வடக்கு மட்டும் திறப்பு. 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் முதலில் வடக்கிலிருந்துதான் அடித்தது. அதிராம்பட்டினத்தில் அன்று 111 கிலோமீட்டர் வேகம் பதிவானது. உள்ளே புகுந்த காற்றுக்கு வெளியேற வழி இல்லாமல் கூரையைக் கீழிருந்து தூக்கிவிட்டது. ஒரு கால்கூட ஒடியவில்லை. ஒன்றரை அடிதான் நட்டிருந்தார்கள், நாற்றைப் பிடுங்கினமாதிரி அடிக் கான்கிரீட்டோடு வந்துவிட்டது. அப்புறம் காற்று ஓய்ந்ததே, முடிந்தது என்று நாம் கதவைத் திறந்தோமே, அதற்குப் பிறகு தெற்கிலிருந்து அடித்ததில்தான் நம் மரங்கள் போயின.

ஆகவே 4 அடிக் குழி. அடிப்பாகம் மேல்வாயைவிட அகலமாக இருக்க வேண்டும். 4 அங்குல ஜி.ஐ. பைப்பின் அடியில் குறுக்கே இரண்டு கம்பி வெல்டு செய்து, அதை வைத்துக் கான்கிரீட். பத்தடிக்கு ஒரு கால், பக்கத்துக்கு ஆறு, மொத்தம் பன்னிரண்டு. கான்கிரீட்டைத் தரையோடு நிறுத்தாமல் அரை அடி மேலே தூக்கி வெளிப்பக்கம் சரித்துவிடச் சொல்லியிருக்கிறேன். காலைச் சுற்றித் தண்ணீர் நின்றால் பைப் அந்த இடத்தில்தான் துருப்பிடிக்கும். இறவாரத்தை ஒன்றரை அடிக்கு மேல் நீட்டவில்லை, நீட்டினால் காற்றுக்குப் பிடி கொடுத்தமாதிரி ஆகிவிடும். அம்மா பனங்கால் போடலாம் என்றாள். இப்போது பனையை வெட்டக் கலெக்டர் அனுமதி வேண்டும். அனுமதி கிடைத்தாலும் நான் வெட்டமாட்டேன், கஜாவில் சாயாமல் நின்றது அதுதானே.

நிவாரணத்துக்கு மரக் கணக்கெடுக்க வந்தவர்களிடம் நீதான் நோட்டோடு நின்றாய். வரப்போரத்தில் விழுந்த குட்டை மரத்தைக்கூட விடாமல் எழுத வைத்தாய். கடைத்தெருவில் எத்தனையோ பேர் என்னிடம் அதைச் சொல்லியிருக்கிறார்கள், இப்போதும் சொல்கிறார்கள். அந்தப் பெண் இப்போது போனில் "ம், சரி, வைக்கட்டுமா" என்பதற்கு மேல் பேசுவதில்லை. அம்மா போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். உனக்கு வேலை இருக்கும், தெரியும். இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமையாவது பேசலாம்.

உன் அங்கணத்துக்கு மட்டும் நாலு பக்கமும் சுவர் எழுப்பிக் கதவு வைக்கிறேன். சாவி இரண்டு, ஒன்று உன்னிடம் இருக்கும். தரையை ஒன்றரை அடி உயர்த்தி, மணலை நன்றாக இடித்து, மேலே பாலிதீன் விரிப்புப் போட்டு அதன்மேல்தான் கான்கிரீட். விரிப்பு இல்லாவிட்டால் ஐப்பசியில் தரை கீழிருந்து ஈரத்தை இழுக்கும். மழை வராத நாளிலும் தகரம் நனைக்கும், அதையும் யோசித்திருக்கிறேன். மார்கழி விடியலில் பெரியப்பா கொட்டகைக்குள் நின்றால் தலையில் சொட்டும். ராத்திரிக் குளிரில் தகரத்தின் அடிப்பக்கம் வியர்த்து, வெயில் ஏற ஏற ஒவ்வொரு சொட்டாக விழும். அவருடைய கொப்பரை அதில்தான் பூசணம் பிடித்தது. 6 சதவீத ஈரத்துக்கு மேல் இருந்தால் அரசுக் கொள்முதலில் எடுக்கமாட்டார்கள், வந்த விலைக்குத் தள்ளினார். அதனால் உன் அறையில் தகரத்துக்குக் கீழே ஒரு முழம் விட்டுக் கீற்று வேயச் சொல்லியிருக்கிறேன். அந்த இடைவெளியில் காற்று ஓட இரண்டு பக்கமும் ஓட்டை வைத்த ஜாலிக் கல், எலி வராமல் வலை அடித்து. தேங்காய் மட்டையையும் டீசலையும் மேற்குக் கடைசிக்கு மாற்றிவிட்டேன். தீ என்று ஒன்று வந்தால் உன் பக்கம் வரக்கூடாது.

நீ கட்டும்போது எதையும் ஈரத்தோடு கட்டாதே. மெத்தையை இரண்டு நாள் வெயிலில் போட்டு, சூடு ஆறிய பிறகு சுற்று. புத்தகங்களை அட்டைப்பெட்டியில் வேப்பிலை போட்டு வை, அந்த வேப்பிலையும் காய்ந்ததாக இருக்கட்டும். பிரிட்ஜைத் துடைத்துக் கதவைத் திறந்து காயவிடு. ஈரம் மட்டும் வேண்டாம் பாப்பா, ஒரு பெட்டியில் இருந்தால் எல்லாப் பெட்டிக்கும் பரவிவிடும்.

ஒன்று எனக்குத் தெரிய வேண்டும், தெரிந்தால்தான் கதவு அளவு சொல்ல முடியும். வருவது உன் புத்தகமும் துணிமணியும் மட்டுமா? இல்லை, அன்று நாம் லாரியில் ஏற்றினோமே, பீரோ, கட்டில், கிரைண்டர், பாத்திரம், அது எல்லாமா? புத்தகம் மட்டும் என்றால் மூன்றடிக் கதவு போதும். பீரோ வருகிறது என்றால் நாலடி, கட்டிலைப் பிரிக்காமல் கொண்டுவந்தால் இரட்டைக் கதவு. எதுவானாலும் எனக்குச் சரி, இடம் இருக்கிறது. ஒரு தாளில் வரிசையாக எழுதிப் போட்டோ எடுத்து அனுப்பு. எழுத வேறு ஏதாவது இருந்தாலும் அதிலேயே எழுது, அம்மாவிடம் காட்டவேண்டாம் என்றால் காட்டமாட்டேன்.

மாப்பிள்ளையைக் கேட்டதாக எப்போதும் கடைசியில் எழுதுவேன். இந்தத் தடவை எழுதலாமா என்று நீயே சொல்.

தை பிறப்பதற்குள் என்று முதலில் நினைத்திருந்தேன், இப்போது மழைக்கு முன்பே முடித்துவிடலாம் என்று ஆட்களைக் கூட்டியிருக்கிறேன். கூரை ஏறிவிடும், பூச்சு வேலை மட்டும் கொஞ்சம் நிற்கும். அதற்காக நீ காத்திருக்க வேண்டாம், முந்தியே வண்டி பிடிப்பதானாலும் பிடி. கோயம்புத்தூரிலிருந்து ராத்திரியில் கிளம்பாதே, விடியற்காலையில் ஏற்றினால் சாயங்காலத்துக்குள் வந்துவிடலாம். லாரி வாடகையை இங்கே இறக்கிய பிறகு நான் கொடுத்துக்கொள்கிறேன், முன்பணம் மட்டும் நீ கொடு. வாய்க்கால் பாலத்தில் பெரிய வண்டி திரும்பாது, ஆறு சக்கர வண்டிக்கு மேல் பேசாதே.

அப்பா