நீ அனுப்பின அப்பாயின்ட்மென்ட் பேப்பர் பத்தி

கண்ணு, இங்கிலாந்து பார்மசி வேலைக்குன்னு நீ அனுப்பின பேப்பரை முழுசா படிச்சேன். அப்பா சம்பளம் போட்டிருக்க பக்கத்தை மட்டும் பாத்துட்டு கண்ணாடியை கழட்டி வெச்சுட்டார். கடைசில ஒரே ஒரு வரி இருக்கு பாரு, இன்டெம்னிட்டி இன்சூரன்ஸை, அதான் வேலைல தப்பு நடந்து கேஸ் வந்தா நஷ்டஈடு கட்டுற இன்சூரன்ஸை, உன் கம்பெனியே பாத்துக்கும்னு. நீயும் போன்ல, அதான் இருக்கேம்மா, தனியா எதுக்கு தண்டம் கட்டணும்னுட்ட. நான் ஜி.எச்.ல மாத்திரை கொடுத்தே ரிட்டையர் ஆனவ, இதை இப்படியே விட மனசு வரல.

சட்டப்படி நீ சொல்றது சரிதான். இங்கிலாந்துல 2014லேர்ந்து இந்த இன்சூரன்ஸ் கவர் இல்லாம பார்மசிஸ்ட் வேலை பாக்க முடியாது, அதுக்கு முதலாளி எடுத்த கவரே போதும். பேஷண்ட் கேஸ் போட்டா நஷ்டஈடு அதுலேர்ந்து போயிடும். ஆனா பார்மசிஸ்டுகளை ரிஜிஸ்டர் பண்ற உங்க பார்மசி கவுன்சில்லேர்ந்து விசாரணைன்னு ஒரு லெட்டர் வந்தா அது உன் பேருக்குத்தான் வரும், போறது உன் ரிஜிஸ்ட்ரேஷன், அங்க உனக்கு வக்கீல் வெச்சுக் கொடுக்கணும்னு கம்பெனிக்கு என்ன தலையெழுத்து? சில சமயம் கம்ப்ளெயின்ட் எழுதிப் போடுறதே கம்பெனியாத்தான் இருக்கும். ஆள் பத்தல, நானே எடுத்து நானே செக் பண்ணேன்னு நீ சொல்லணும், கம்பெனி வக்கீலோ எங்க ரூல்ஸ் தெளிவா இருக்கு இந்தப் பொண்ணுதான் மதிக்கலம்பார். ரெண்டு பேருக்கும் அவரே எப்படி வாதாடுவார் சொல்லு.

2007ல அங்கயே ஒரு சூப்பர்மார்க்கெட் பார்மசில நடந்துச்சே, படிச்சிருப்ப. ப்ரெட்னிசோலோன்ங்கற ஸ்டீராய்டு போக வேண்டிய இடத்துல ப்ரோப்ரனலால்ங்கற பி.பி. மாத்திரை போயிடுச்சு. அகர வரிசைல அடுக்கினா ரெண்டும் கிட்டக்கிட்ட வரும், ஒரே கம்பெனி ஜெனரிக்னா டப்பாவும் ஒரே மாதிரி இருக்கும், கூட்ட நேரத்துல கை தானா போயிடும். அதைக் கொடுத்த பார்மசிஸ்ட் அம்மா லோக்கமா, அதான் வேற ஆளுக்கு பதிலா தற்காலிகமா நின்னவங்க. 1968 மருந்துச் சட்டத்துல லேபிள் தப்புன்னு அவங்க மேல கிரிமினல் கேஸ், 2009ல மூணு மாச ஜெயில், ஆனா உடனே உள்ள போடாம அதை சஸ்பெண்ட் பண்ணி வெச்சாங்க. அப்பீல்ல 2010ல அது 300 பவுண்ட் ஃபைனா குறைஞ்சுது. 2018ல சட்டத்தை மாத்தி, தெரியாம நடந்த தப்புக்கு டிஃபென்ஸ், அதான் கோர்ட்ல சொல்லி தண்டனைலேர்ந்து தப்பிக்க ஒரு வழி, கொடுத்தாங்க, அதுவும் தப்பு தெரிஞ்ச உடனே பேஷண்டுக்கு சொல்லணும்ங்கற மாதிரி கண்டிஷனோட. அந்த மூணு வருஷம் அவங்க எப்படி தூங்கியிருப்பாங்கன்னு நெனச்சாலே எனக்கு வயித்தை கலக்குது.

இப்போ நீங்க மாத்திரை எடுத்துக் கொடுக்குறதோட நிக்கிறீங்களா? 2024 ஜனவரிலேர்ந்து பார்மசி ஃபர்ஸ்ட்டுன்னு யூரின் இன்ஃபெக்ஷன், அக்கி, தொண்டை வலி எல்லாத்துக்கும் நீங்களே பாத்து ஆன்டிபயாட்டிக் வரைக்கும் கொடுக்குறீங்க. யூரின் கேஸ்ல 16லேர்ந்து 64 வயசு பொம்பளைங்களுக்கு மட்டும்தான், 65ன்னு ஒருத்தர் வந்து கெஞ்சினாலும் டாக்டர் கிட்ட அனுப்பணும். அந்த ஒரு நிமிஷ முடிவு உன் தலையிலதான். சனிக்கிழமை வேற கடைல லோக்கம் போறியே, அதுக்கு இந்த கம்பெனி கவர் வருமான்னு கேட்டியா? வராதுன்னுதான் எனக்குப் படுது.

இன்னொண்ணு, பாலிசில ரெண்டு வகை இருக்கு. ஒண்ணு, கிளெய்ம் வர்ற அன்னிக்கு பாலிசி ஓடிட்டு இருந்தாத்தான் காசு. இன்னொண்ணு, சம்பவம் நடந்த அன்னிக்கு இருந்தாலே போதும். நீ ரெண்டாவதை எடு. ஏன்னா அங்க சின்னப் பிள்ளைக்கு நடந்த தப்புக்கு அந்தப் பிள்ளைக்கு 21 வயசு ஆகுற வரைக்கும் கேஸ் போடலாம், அதுக்குள்ள நீ எந்த ஊர்ல எந்த வேலைல இருப்பியோ, கம்பெனி இருக்குமோ இல்லையோ. லாய்ட்ஸ் பார்மசி அவ்ளோ பெரிய செயின், 2023ல கடையெல்லாம் வித்துட்டு கிளம்பலையா.

பார்மசிஸ்ட்ஸ் டிஃபென்ஸ் அசோசியேஷன்ல மெம்பர் ஆனா கவரும் யூனியனும் சேந்தே கிடைக்கும், மொதல்ல அதைப் பாரு. கவுன்சில் விசாரணைக்கு வக்கீல் செலவு உண்டா, தடுப்பூசி போடுறது சேருமா, லோக்கம் சேருமான்னு மெயில்ல கேளு, போன்ல கேட்டுட்டு விட்டுடாத. பதில் வந்ததும் எனக்கு ஃபார்வர்ட் பண்ணு, அப்பா கிட்ட நான் பேசிக்கறேன்.

அம்மா