அந்த எண்களை மட்டும் எடுத்துவிடுங்கள்: கடலடிப் படக் குழு நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

குழு நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வாட்ஸ்அப்பில் போட்டால் பத்து நிமிடத்தில் பிறந்தநாள் வாழ்த்துகளுக்கு அடியில் போய்விடும். கூட்டத்தில் எழுந்து பேசலாம் என்றால், எனக்குக் கோபம் வந்தால் கூடவே அழுகையும் வந்துவிடும், சொல்ல வந்தது பாதியில் நின்றுவிடும். அதனால் எழுதுகிறேன். ஊரறிய எழுதுவதற்கும் காரணம் இருக்கிறது. புதுச்சேரிக் கரையில் வைத்திக்குப்பத்திலிருந்து மூர்த்திக்குப்பம் வரை கடலை நம்பிப் பிழைப்பவர்களும் இதைப் படிக்க வேண்டும்.

நம் கண்காட்சியில் ஆளுயர வரைபடம் ஒன்று வைப்பதாக முடிவாகியிருக்கிறது. நாம் படம் எடுத்த ஒவ்வொரு பாரும், அதாவது மீன் கூடும் கடலடிப் பாறையும், அதில் ஒரு சிவப்புப் புள்ளி. புள்ளிக்குப் பக்கத்தில் ஜிபிஎஸ் எண். மேலே தலைப்பு: "நாங்கள் கண்டுபிடித்த பார்கள்". அந்த எண்களை எடுத்துவிடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். தலைப்பைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது.

உங்களில் பலருக்கு என்னைப் பள்ளிக்கூட டீச்சராகத்தான் தெரியும். என் அப்பா கைத்தூண்டில்காரர். நாற்பது வருடமாகத் தூண்டில் நரம்பும் ஈயக்குண்டும்தான் அவருக்குத் தொழில். முதலில் கட்டுமரம், பிறகு ஃபைபர் படகு. அவர் போகிற பார் ஒன்று உண்டு. அதற்கு எங்கள் வீட்டில் ஒரு பெயரும் உண்டு, அதை இங்கே எழுதமாட்டேன். அந்த இடத்தைத் தாத்தாதான் அப்பாவுக்குக் காட்டினார். வடக்கே ஒரு கட்டடமும் அதற்குப் பின்னால் ஒரு கோபுரமும் ஒன்றன்மேல் ஒன்றாக வர வேண்டும். தெற்கே ஒரு தோப்பின் கடைசிப் பனைக்கு நேர் பின்னால் தண்ணீர்த் தொட்டி வர வேண்டும். இரண்டும் ஒரே சமயத்தில் கூடுகிற இடத்தில் நங்கூரம். கொஞ்சம் தள்ளிப் போட்டாலும் கீழே வெறும் மணல்தான்.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அந்தப் பனையைச் சாய்த்துவிட்டது. கூரை பறந்ததைவிட அப்பாவுக்கு அதுதான் பெரிய கவலை. கடல் அடங்கியதும் நாள் தவறாமல் போய், ஈயத்தை இறக்கி இறக்கிப் பார்த்து, "மணல்... மணல்..." என்று முணுமுணுத்துக்கொண்டே திரும்புவார். ஒருநாள் கல் தட்டியது. அங்கிருந்தபடியே கரையைப் பார்த்தால் தொட்டிக்கு முன்னால் ஒரு செல்போன் கோபுரம் நின்றிருக்கிறது. அன்றிலிருந்து பனைக்குப் பதில் அது. இதுவரை ஒரு தாளிலும் அவர் இதைக் குறித்து வைத்ததில்லை.

நம் தலைப்பில் இருக்கும் "கண்டுபிடித்த" என்ற சொல்லைப் பார்க்கும்போது எனக்கு அந்த நாட்கள்தான் நினைவுக்கு வருகின்றன. அந்த வரைபடத்தில் இருக்கும் எந்தப் பாருக்கும் நாமாக வழி தேடிப் போனதில்லை. ஒவ்வொரு தடவையும் ஒரு படகுக்கார அண்ணன் நம்மை அங்கே கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறார். டீசலுக்கும் கூலிக்கும் பணம் கொடுத்தோம், சரி. இடத்துக்கு யாரும் விலை பேசவில்லை, அவரும் கேட்கவில்லை. கண்காட்சியின் முதல் பலகையில் லூயி பூத்தானைப் பற்றி எழுதியிருக்கிறோம். 1893-ல் பிரான்சின் தென்கரையில் கடலுக்குள் இறங்கிக் கேமரா வைத்தவர், புதுச்சேரியில் ஒரு பிரெஞ்சுக்காரரை வைத்துத் தொடங்குவது பொருத்தம்தான். ஆனால் கடைசிப் பலகை வரை தேடினேன், நம்மைக் கூட்டிப் போன ஒரு மீனவர் பெயர்கூட இல்லை.

இனி என் தவறுக்கு வருகிறேன்.

நான் முதன்முதலாக அப்பாவின் அந்தப் பாருக்கு இறங்கியபோது பாதி தூரம் வரை ஒரே கலங்கல். மழை முடிந்து அதிக நாள் ஆகவில்லை, பெண்ணையாறும் சங்கராபரணியும் கொண்டுவந்து கொட்டிய வண்டல் இன்னும் அடங்கவில்லை. ஃபிளாஷ் அடித்தால் தூசியெல்லாம் பனிக்கட்டி மாதிரி வெள்ளைப் புள்ளிகளாக விழுந்தது. பத்துப் பாகம் (சுமார் 18 மீட்டர்) தாண்டியதும் திடீரென்று தெளிந்தது. பாறை விளிம்பில் பழைய நரம்பு சிக்கித் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் நுனியில் ஒரு ஈயக்குண்டு, மேலே சுண்ணாம்புப் பூச்சாகப் புழுக்கூடு படிந்திருந்தது. அப்பா வீட்டிலேயே உருக்கி வார்க்கிற வடிவம்தான். அவருடையதா, வேறு யாருடையதா என்று அடித்துச் சொல்ல முடியாது. எடுக்கவில்லை, தொட்டுப் பார்த்துவிட்டு வந்துவிட்டேன்.

அன்று எடுத்த இரண்டு படங்களை அப்பாவிடம் காட்டினேன். ஒன்று ஃபிளாஷ் இல்லாமல் எடுத்தது. "இது என்ன மீனு?" என்றார். சங்கரா என்றேன். சிரித்துவிட்டார். சாம்பல் பச்சையில் இருக்கிற மீனை எப்படிச் சங்கரா என்று ஒப்புக்கொள்வார்? அதே மீனை ஃபிளாஷ் போட்டு எடுத்த படத்தைக் காட்டினேன், செக்கச் செவேல் என்று இருந்தது. தண்ணீர் முதலில் சிவப்பைத்தான் விழுங்கும், ஐந்தாறு மீட்டரிலேயே மங்க ஆரம்பித்து இருபது மீட்டருக்குள் போயே போய்விடும் என்று விளக்கினேன். நாற்பது வருடம் சிவப்பு மீன் பிடித்தவர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், "அப்போ கீழ யார் கண்ணுக்கும் படாமத்தான் இருக்குதா" என்றார். அடுத்து, "என் நரம்பு மட்டும் போய் வந்த எடம். நீ போயிட்டு வந்துட்ட" என்றார். எனக்கு எந்தப் போட்டியிலும் அப்படி ஒரு பரிசு கிடைத்ததில்லை.

அந்தச் சிவப்புச் சங்கராவைத்தான் நம் ஆண்டுப் போட்டிக்கு அனுப்பினேன். படிவத்தில் "இடம்" என்று ஒரு கட்டம், கட்டாயம் நிரப்ப வேண்டும். நிரப்பினேன். தசமப் புள்ளிக்குப் பிறகு ஐந்து இலக்கம். முடிவு வெளியானபோது படிவத்தில் இருந்த அத்தனையும் படத்துக்குக் கீழே அப்படியே வெளியாகியிருந்தது. அதை நான் பெருமையாக நாலு பேருக்குப் பகிர்ந்தேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அடுத்த மாதம் அந்த இடத்தில் அப்பாவுக்குப் பழக்கமில்லாத படகுகள் நின்றன. என் படத்தைப் பார்த்துத்தான் வந்தார்கள் என்று என்னால் நிரூபிக்க முடியாது. தற்செயலாகவும் இருக்கலாம். அதற்கு அடுத்த முறை நாம் ஆறு பேர் இறங்கினோமே, நினைவிருக்கிறதா? பாறையின் கிழக்கு முகம் முழுக்க வலை போர்த்திக் கிடந்தது. புது வலை, பாசிகூடப் பிடிக்கவில்லை. கல்லில் மாட்டி அறுந்ததை விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். அதில் ஒரு அஞ்சாளை, பாம்பு மாதிரி நீள மீன், தலை ஒரு கண்ணியில், உடம்பு இன்னொரு கண்ணியில் நுழைந்து முறுக்கிக்கொண்டு செத்திருந்தது. அதைத் தின்ன வந்த நண்டு பக்கத்திலேயே மாட்டியிருந்தது. அது உயிரோடு இருந்தது, கொடுக்கை மெதுவாகத் திறந்து திறந்து மூடியது. நைலான் மக்காது. அங்கேயே கிடந்து வருடக்கணக்கில் மீன் பிடித்துக்கொண்டே இருக்கும், எடுக்கத்தான் ஆள் வராது. நம்மில் மூன்று பேர் அந்த நண்டைப் படம் எடுத்தோம். வெட்டிவிட ஒருவர் கையிலும் கத்தி இல்லை.

அப்பா என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். முன்பெல்லாம் கரைக்கு வந்ததும் எங்கே போனார், நீரோட்டம் எந்தப் பக்கம், தெண்டியா வன்னியா, என்ன பட்டது என்று எல்லாம் சொல்வார். இப்போது "எங்கப்பா போன?" என்று கேட்டால், "கடலுக்கு" என்பார். அவ்வளவுதான்.

எண் விஷயத்தில் நாம் எவ்வளவு துல்லியமாகக் காட்டிக்கொடுக்கிறோம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். தசமத்துக்குப் பின் இரண்டு இலக்கம் என்றால் ஏறக்குறைய 1 கிலோமீட்டர் வட்டாரம். நான்கு என்றால் சுமார் 11 மீட்டர். ஐந்து என்றால் 1 மீட்டர், அதாவது பாறையின் மேல் விரல் வைத்துக் காட்டுகிற மாதிரி. தாத்தா அப்பாவுக்குக் காட்ட எத்தனையோ விடியற்காலைகள் ஆன விஷயம் இது. தண்ணீருக்கு அடியில் ஜிபிஎஸ் வேலை செய்யாது, அதனால் படத்தில் இடம் பதிவாகாது என்று சிலர் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். கீழே பதிவாகாதுதான். ஆனால் படகில் நின்று ஃபோனில் எடுக்கிற செல்ஃபியில் பதிவாகும். கையில் கட்டுகிற டைவ் கம்ப்யூட்டர் சிலவற்றில் இறங்கிய இடம், ஏறிய இடம் இரண்டும் பதிவாகும்.

கேள்விகள் வரும் என்று தெரியும். "விசைப்படகு எல்லாவற்றிலும் கடலடியைக் காட்டும் எக்கோ சவுண்டரும் ஜிபிஎஸ்ஸும் இருக்கிறதே, நாம் சொல்லித்தானா தெரியப்போகிறது?" தெரியட்டும். அவர்கள் டீசல் எரித்து, வலை கிழித்துத் தெரிந்துகொள்கிறார்கள். வேறொருவர் வீட்டுச் சொத்தை நாம் இலவசமாக எடுத்துக் கொடுப்பது வேறு கணக்கு. "ஆராய்ச்சிக்குப் பயன்படுமே?" என்று கேட்கும் டாக்டர் அண்ணனுக்கு: உண்மைதான், பயன்படும். பரங்கிப்பேட்டைக் கடல் உயிரியல் ஆய்வு மையத்திலிருந்து ஒருவர் வந்து கேட்டால், பாருக்குப் போகிறவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கொடுப்போம். பார்த்த உயிரினங்களைப் பதியும் ஐநேச்சுரலிஸ்ட் இணையதளத்தில் பதிகிறவர்கள் இடத்தை மறைத்துக் காட்டும் வசதியைப் போடுங்கள், பக்கத்துக்குச் சுமார் 20 கிலோமீட்டர் உள்ள ஒரு சதுரத்துக்குள் எங்கோ என்றுதான் வெளியே தெரியும். டைவிங் பள்ளிகள் எல்லாரையும் கூட்டிப் போகிற, ஊருக்கே தெரிந்த இடங்களைத் தாராளமாகப் போடுங்கள். அவற்றைப் பற்றி யாருக்கும் வழக்கு இல்லை.

போகிறபோக்கில் இன்னொன்று. கடல்குதிரையைப் பிடித்து அழகான பின்னணிக்கு இடம் மாற்றி வைத்துப் படம் எடுத்தது யார் என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். அது 2001-லிருந்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருகிற உயிர். அந்தப் படம் கண்காட்சியில் வேண்டாம்.

வரைபடம் வேண்டவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கரையை வரையுங்கள். பிள்ளைச்சாவடி, வைத்திக்குப்பம், குருசுக்குப்பம், வீராம்பட்டினம், நல்லவாடு, பனித்திட்டு என்று ஊர்ப் பெயர்களைப் பெரிய எழுத்தில் போடுங்கள். கடலை வெறும் நீலமாக விட்டுவிடுங்கள். தலைப்பை "எங்களுக்குக் காட்டப்பட்ட பார்கள்" என்று மாற்றுங்கள். போட்டிப் படிவத்தில் அந்தக் கட்டத்தை எடுத்துவிட்டு, "புதுச்சேரிக் கடல்" என்று அச்சிட்டே வைத்துவிடுங்கள். என் சங்கரா படத்தின் கீழ் இன்றும் கிடக்கும் எண்ணை முதலில் அழியுங்கள்.

இன்னொரு ஆசையும் இருக்கிறது. நகரத்தில் ஏசி கூடத்தில் மாட்டுவதற்கு முன்னால் இந்தப் படங்களை ஊர்களில் காட்டலாமே. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். விசைப்படகுக்காரர்கள் கரையில் உட்கார்ந்து வலை செப்பனிடுகிற நாட்கள். ஒரு வெள்ளை வேட்டி, ஒரு புரொஜக்டர், ஊர்ப் பஞ்சாயத்தாரிடம் ஒரு சொல், இவ்வளவு போதும். தாங்கள் பிடிக்கிற களவா மீன் கீழே எப்படிக் குகைக்குள் நிற்கிறது, கணவாய் எப்படி நிறம் மாற்றுகிறது என்று பார்க்க அவர்களைவிட உரிமையுள்ளவர்கள் யார்? அந்த நண்டுப் படத்தையும் அங்கே காட்டுவோம். மாட்டிய வலையை விட்டுவிட்டு வந்தவர் கூட்டத்தில் இருந்தாலும் இருப்பார், காட்டுவோம்.

வருகிற ஞாயிறு அந்த வலையை அறுக்கப் போகிறோம். இது படம் எடுக்கிற டைவ் இல்லை. கத்தி பிடிக்கிறவர் கையில் கேமரா இருக்கக் கூடாது, இரண்டிரண்டு பேராகத்தான் இறங்க வேண்டும், தொங்குகிற கயிறு எதுவும் உடம்பில் இருக்கக் கூடாது. டைவிங்கில் அட்வான்ஸ்ட் பயிற்சி முடிக்காதவர்கள் படகில் இருந்து உதவுங்கள். வலையை எஞ்சின் போட்டு இழுத்தால் பாறையோடு பெயர்ந்து வரும். அதனால் துண்டு துண்டாக வெட்டி, காற்றுப் பையில் கட்டித்தான் மேலே அனுப்பப் போகிறோம். இரண்டு கத்தி இருக்கிறது, இன்னும் இரண்டு வேண்டும். அதிகாலை ஐந்து மணிக்குப் படகு.

படகு அப்பாவுடையது. நான் கேட்டு மூன்று நாள் கழித்துத்தான் சரி என்றார். ஒரே ஒரு நிபந்தனை, யாரும் ஃபோன் கொண்டுவரக் கூடாது. அவசரத்துக்கு அவருடைய பட்டன் ஃபோன் போதுமாம்.

அன்புடன்,
உங்கள் குழுவில் ஒருத்தி,
ஒரு கைத்தூண்டில்காரர் மகள்