சுவிட்ச் சுவரிலேயே இருக்கட்டும்

ஸ்மார்ட் ஹோம் சாதனங்களை வடிவமைக்கும் பொறியாளர்களுக்கு,

வணக்கம். உங்கள் விளம்பர வீடுகளில் எல்லார் கையிலும் போன் இருக்கிறது. எங்கள் வீடுகளில் பாட்டி இருக்கிறார், வேலைக்கு வரும் அக்கா இருக்கிறார், லீவுக்கு வந்த வாண்டுகள் இருக்கிறார்கள். விளக்கு போட இவர்கள் யாரும் ஆப்பைத் திறக்கப் போவதில்லை. சுவரைத் தடவிச் சுவிட்சைத் தட்டுவார்கள்.

கும்பகோணத்தில் என் பெரியப்பா வீட்டுக்கு பெங்களூரிலிருந்து வந்த மகன் ஸ்மார்ட் பல்புகளை மாட்டிவிட்டுப் போனான். ஒரு நாள் நடுராத்திரி கரண்ட் போய்த் திரும்பி வந்ததும் படுக்கையறை பல்பு முழு வெளிச்சத்தில் எரிந்தது. பெரியப்பா எழுந்து சுவிட்சை அணைத்தார். அவ்வளவுதான், பல்புக்கு மின்சாரமே நின்றுபோனதால் மறுநாள் சாயங்காலம் தானாக எரிய வேண்டிய பல்பு எரியவில்லை. ‘சுவிட்சைத் தொடாதீங்கப்பா’ என்றான் மகன். இப்போது அந்தச் சுவிட்சின் மேல் செலோடேப் ஒட்டியிருக்கிறது. கரண்ட் வந்தால் பல்பு அணைந்தே இருக்கட்டும் என்று சொல்ல ஆப்பில் ஒரு இடம் உண்டுதான். ஆனால் அந்த ஆப் மகன் போனில் இருக்கிறது, ஓடிபியும் அவனுக்குத்தான் போகும். மின்தடை பழகிப்போன ஊரில் விற்கும் பல்புக்கு அந்த அமைப்பு பெட்டியிலிருந்து எடுக்கும்போதே சரியாக இருக்க வேண்டாமா?

டச் பேனல்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பார்க்க அழகு, சரி. மாவுக் கையோடும் ஈரக் கையோடும் அடுப்படியில் நிற்பவருக்கு அது சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. இருட்டில் தடவினால் எது ஃபேன், எது லைட் என்றும் தெரியாது.

அப்புறம் கீசர். 2000 வாட் கீசர் 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். அதை மாட்டும் உங்கள் ஸ்மார்ட் பிளக் எத்தனை ஆம்பியர் தாங்கும் என்பதைப் பெட்டியின் முகப்பில், தமிழிலும், பெரிய எழுத்தில் போடுங்கள்.

2016இல், வீட்டு ஸ்மார்ட் சாதனங்களை இணைத்து இயக்கும் ரிவால்வ் என்ற கருவியின் சர்வரை நெஸ்ட் நிறுவனம் மூடியபோது, 300 டாலர் கொடுத்து அதை வாங்கியவர்கள் கையில் வெறும் டப்பாதான் மிஞ்சியது. சாதனங்கள் வீட்டு வைஃபைக்குள்ளேயே பேசிக்கொள்ள 2022இல் வந்த மேட்டர் என்ற பொதுத் தரம் வழி வைத்திருக்கிறது. அதைப் பயன்படுத்துங்கள். இணையம் இல்லாவிட்டால் எதெல்லாம் வேலை செய்யும், எதெல்லாம் நின்றுபோகும், எத்தனை வருடத்துக்கு சர்வர் இருக்கும் என்பதை விலைக்குப் பக்கத்திலேயே அச்சடித்துத் தாருங்கள். அதைப் படித்துவிட்டு வாங்கிக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
பெரியப்பா வீட்டுக்கு அடிக்கடி போய்வரும் ஒருவன்