எங்கள் கதையின் முடிவை எங்களிடமே விடுங்கள்

சிறுவர், இளையோர் கதைப் போட்டிகளை நடத்துகிறவர்களுக்கும், எங்கள் கதைகளைத் தேர்ந்தெடுத்துத் திருத்தி அச்சேற்றுகிற ஆசிரியர்களுக்கும்,

வணக்கம்.

நான் பள்ளியில் படிக்கிறேன், கதை எழுதுகிறேன். உங்கள் போட்டிகளுக்குக் கதைகள் அனுப்பியிருக்கிறேன், பரிசும் வாங்கியிருக்கிறேன். என்னைப் போலவே எழுதுகிற நண்பர்கள் சிலர் இருக்கிறார்கள். நாங்கள் சேர்ந்து உட்காரும்போதெல்லாம் பேச்சு ஒரே இடத்துக்குத்தான் வந்து நிற்கிறது. எங்களுக்குள்ளேயே பேசிப் பயனில்லை, சொல்ல வேண்டியவர்களிடமே சொல்லிவிடலாம் என்றுதான் இந்த மடல்.

நீங்கள் எங்களைக் கொண்டாடுகிறீர்கள். அதில் உள்ள அன்பு எங்களுக்குப் புரிகிறது. ஆனால் மேடையில் எங்களைப் பற்றிச் சொல்லப்படுவதைக் கவனித்துப் பாருங்கள். வயது வரும், வகுப்பு வரும், பெற்றோர் பெயர் வரும், "இந்த வயசிலேயே இப்படியா!" என்ற வியப்பும் வரும். கதையில் வருகிற ஒருவரைப் பற்றியாவது ஒரு வார்த்தை வருமா என்று காத்திருப்போம். பெரும்பாலும் வராது. படித்தீர்களா இல்லையா என்பதே தெரியாமல் சான்றிதழோடு கீழே இறங்குவோம்.

அப்புறம், நீதி. போட்டி அறிவிப்பிலேயே "நல்ல கருத்தை வலியுறுத்தும் கதையாக இருக்க வேண்டும்" என்று ஒரு வரி இருக்கும். அந்த ஒரு வரி என்ன செய்கிறது என்று உங்களுக்குத் தெரியுமா? எழுத உட்காரும் முன்பே முடிவு எங்கள் கையை விட்டுப் போய்விடுகிறது. பொய் சொன்னவன் மாட்டிக்கொள்ள வேண்டும். மரம் வெட்டியவர் வருந்தியாக வேண்டும். கதை எங்கே போகிறது என்று தேடுவதற்கு வழியே இல்லை. முடிவை முதலில் எழுதிவிட்டு, அதற்குப் பொருத்தமாக ஆட்களைப் பிடித்துப் போடுகிறோம். இதில் நாங்கள் தேறிவிட்டோம். பரிசு வாங்குகிற கதை எப்படி இருக்கும் என்று எங்களில் யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவோம். கவலையாக இருப்பது அதுதான்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஒரு சிறுமி, அவளுடைய தாத்தா. தாத்தாவுக்கு நினைவு தப்பிக்கொண்டே வருகிறது. ஒருநாள் மாலை அவர், என்றோ இறந்துபோன தன் தங்கையின் பெயரைச் சொல்லி அந்தச் சிறுமியைக் கூப்பிடுகிறார். அவள் தயங்கி நிற்கிறாள். அப்புறம், "இதோ வரேன்" என்று சொல்லிவிட்டு அவர் பக்கத்தில் போய் உட்காருகிறாள். என் கதை அவ்வளவுதான். அந்த "இதோ வரேன்" என்ற இரண்டு சொற்களுக்கு வந்து சேர எனக்கு ரொம்ப நாள் ஆனது. முதலில் அவளை அழ விட்டிருந்தேன், பிறகு அம்மாவிடம் ஓட விட்டிருந்தேன். எதுவும் சரியாக இல்லை. பெயரைத் திருத்தாமல் அவள் பதில் சொல்கிறாள் என்று தோன்றியபோதுதான் அவள் யார் என்று எனக்கே தெரிந்தது.

அச்சில் வந்தபோது தாத்தா அவளை அடையாளம் கண்டுகொண்டிருந்தார். கண்ணீர் மல்க அவளைச் சொந்தப் பெயர் சொல்லி அழைத்திருந்தார். கீழே தடித்த எழுத்தில், "முதியோரைப் போற்றுவோம்". என் பெயரும் வயதும் மேலே இருந்தன. யாரும் என்னைக் கேட்கவில்லை. எந்த இதழ் என்று சொல்வது என் நோக்கம் இல்லை, மாற்றியவர் கெட்டவரும் இல்லை. சிறுமி எழுதிய கதை சோகமாக முடிய வேண்டாம் என்று நினைத்திருப்பார். ஆனால் நினைவு தப்பிய தாத்தாவோ பாட்டியோ இருக்கிற வீட்டில் வளர்கிற பிள்ளை அதைப் படித்திருந்தால்? தன் வீட்டில் மட்டும் அப்படி நடக்கவில்லையே, தன் அன்பில்தான் ஏதோ குறை என்று அது நினைத்திருக்காதா? ஆறுதலுக்காகச் சேர்த்த பொய் யாரைப் போய்த் தைக்கும் என்று நமக்குத் தெரியாது.

கதை எதற்கு என்று கேட்டால் எனக்கு என் சித்தி மகன்தான் நினைவுக்கு வருகிறான். ஐந்து வயது. அமெரிக்காவில் விவியன் கஸ்ஸின் பேலி என்று ஒரு மழலையர் பள்ளி ஆசிரியர் இருந்தார். குழந்தைகள் சொல்லச் சொல்ல அவர்கள் கதையை அப்படியே எழுதிக்கொண்டு, பிறகு அதை வகுப்பே சேர்ந்து நடித்துப் பார்க்கும்படி செய்தவர். அவரைப் பற்றிப் படித்துவிட்டு நானும் தம்பியிடம் ஒரு கதை சொல்லச் சொன்னேன். அவன் சொன்னது இது:

"ஒரு டைனோசர் இருந்துச்சு. அதோட அம்மா வேலைக்குப் போயிட்டாங்க. அது கதவைக் கடிச்சுச்சு. நிறைய கடிச்சுச்சு. அப்புறம் அம்மா வந்துட்டாங்க. கதவு இல்லை. அவ்ளோதான்."

"கோபத்தில் கடித்தது" என்று எழுதலாமா என்று கேட்டேன். "கோவம்லாம் எழுதாத. கடிச்சுச்சுன்னு மட்டும் எழுது" என்றான். சித்தி அப்போதுதான் மறுபடியும் வேலைக்குப் போக ஆரம்பித்திருந்தார். "நீ போனா எனக்குப் பயமா இருக்கு" என்று அவன் ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லத் தெரிந்திருக்காது, சொல்லப் பிடித்தும் இருக்காது. டைனோசரை வைத்துச் சொல்லிவிட்டான். இந்தக் கதையைத் திருத்தச் சொன்னால் எங்கே கை வைப்பீர்கள்? "கதவைக் கடிப்பது தவறு" என்று கீழே எழுதுவீர்களா? அப்படி எழுதினால் அடுத்த கதையை அவன் யாரிடமும் சொல்ல மாட்டான்.

மனிதர்களுக்கு இது பழக்கம் என்று சொல்வதுகூடக் குறைவுதான். 1944இல் ஹைடர், சிம்மல் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஒரு சின்னப் படம் காட்டினார்கள். இரண்டு முக்கோணங்கள், ஒரு வட்டம், ஒரு பெட்டி. அவை அங்குமிங்கும் நகரும், வேறு ஒன்றுமில்லை. பார்த்ததைச் சொல்லுங்கள் என்று கேட்டபோது, முதல் குழுவில் ஒரே ஒருவர்தான் வடிவங்கள் நகர்ந்ததாகச் சொன்னார். மற்றவர்கள் எல்லாம் கதை சொன்னார்கள். பெரிய முக்கோணம் முரடன், வட்டம் பயந்துபோய் ஒளிகிறது, சின்ன முக்கோணம் எதிர்த்து நிற்கிறது என்று. கோடுகளிலேயே பயத்தையும் துணிச்சலையும் பார்க்கிறவர்கள் நாம். பிலிப்பைன்ஸில் ஆக்டா என்ற வேட்டைச் சமூகத்தாரிடம் நடத்திய ஆய்வு ஒன்று 2017இல் வெளியானது. நல்ல கதைசொல்லிகள் அதிகம் இருந்த குடியிருப்புகளில் மக்கள் ஒருவருக்கொருவர் அதிகம் ஒத்துழைத்தார்கள். யாருடன் சேர்ந்து வாழ விரும்புகிறீர்கள் என்று கேட்டபோது, கதை நன்றாகச் சொல்பவர்களையே பலரும் தேர்ந்தெடுத்தார்கள். அடுத்தவருக்கு என்ன தோன்றும் என்று யோசிக்கிற பழக்கத்தைக் கதை தருகிறது என்றுதான் நான் இதைப் புரிந்துகொள்கிறேன். அந்தப் பழக்கம் நீதி வாக்கியத்தால் வராது. கதைக்குள் இருந்து பார்த்தால்தான் வரும்.

இனி, திருத்தம் பற்றி. எங்கள் கதையில் கை வைக்காதீர்கள் என்று நான் கேட்கவில்லை. நேர்மாறாக, இன்னும் கடுமையாகப் படியுங்கள் என்று கேட்கிறேன். ஆன் ஃபிராங்கை எடுத்துக்கொள்ளுங்கள். நாஜிகளுக்குப் பயந்து ஒளிந்திருந்த ஒரு யூதச் சிறுமி மனதில் பட்டதையெல்லாம் எழுதிவைத்தாள், அது பிறகு கிடைத்தது என்றுதான் நிறையப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். முழு உண்மை அதுவல்ல. போர்க்கால நாட்குறிப்புகளையும் கடிதங்களையும் பாதுகாத்து வையுங்கள், போருக்குப் பின் அவை வேண்டியிருக்கும் என்று, லண்டனில் இருந்த நெதர்லாந்து அரசின் அமைச்சர் ஒருவர் 1944 மார்ச் மாதம் வானொலியில் பேசினார். ஒளிவிடத்தில் அதைக் கேட்ட ஆன், மே மாதத்திலிருந்து தன் நாட்குறிப்பை முதலிலிருந்து தனித் தாள்களில் மறுபடியும் எழுத ஆரம்பித்தார். வேண்டாததை வெட்டினார், தெளிவில்லாததை விளக்கினார், ஆட்களுக்கு மாற்றுப் பெயர் வைத்தார், புத்தகத்துக்குத் தலைப்பும் யோசித்து வைத்தார். அந்த ஜூன் மாதம்தான் அவருக்குப் பதினைந்து முடிந்தது. ஆகஸ்ட் 4ஆம் தேதி கைது செய்துவிட்டார்கள். பிடிபடும்வரை அந்தப் பெண் செய்துகொண்டிருந்தது ஒரு எழுத்தாளரின் வேலை. அவரைப் பற்றிப் பேசும்போது குழந்தை, வெகுளி என்பதோடு நிறுத்திக்கொள்கிறோம். அந்த உழைப்பையும் சேர்த்துச் சொன்னால் எங்களைப் போன்றவர்களுக்கு எவ்வளவு தெம்பாக இருக்கும்!

எங்களுக்கும் அந்த வேலை தெரியும். "மூன்றாம் பத்தியில் கதை தேங்குகிறது, அந்த நண்பன் எதற்கு வந்தான் என்று புரியவில்லை, யோசித்துப் பார்" என்று ஒரு வரி எழுதி அனுப்புங்கள். நாங்கள் இரவெல்லாம் உட்கார்ந்து திருத்துவோம். திருத்தித் தருவதும் திருத்தச் சொல்வதும் ஒன்றல்ல. முதலாவதில் கதை கைமாறிவிடுகிறது.

அடுத்தது சந்தேகம். கதை கொஞ்சம் நன்றாக இருந்துவிட்டால், "அப்பா எழுதிக் கொடுத்தாரா?" என்பார்கள். இப்போது, "ஏஐ எழுதியதா?" என்கிறார்கள். இது புதிதில்லை. மேரி ஷெல்லி 'ஃபிராங்கன்ஸ்டைன்' கதையை எழுதத் தொடங்கியது 1816இல், பதினெட்டு வயதில். 1818இல் பெயரில்லாமல் நூல் வெளியானபோது, அவருடைய கணவர்தான் எழுதியிருப்பார் என்று பலர் நினைத்தார்கள். 1823இல் இரண்டாம் பதிப்பில்தான் அவர் பெயர் அச்சாகியது. டெய்ஸி ஆஷ்ஃபோர்ட் என்ற சிறுமி ஒன்பது வயதில் எழுதிய குறுநாவல், 1919இல் அவருடைய எழுத்துப் பிழைகளைக்கூடத் திருத்தாமல் வெளியிடப்பட்டது. முன்னுரை எழுதிய, 'பீட்டர் பான்' புகழ் ஜே.எம். பாரிதான் அதையும் எழுதியிருக்க வேண்டும் என்று அப்போதும் பேசினார்கள்.

கணினியின் துணை பற்றிய உங்கள் கவலை நியாயமானது. அப்படிக் கதை அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள், அது எங்களையும் பாதிக்கிறது. ஆனால் கண்டுபிடிக்கும் மென்பொருள் சொன்னது என்பதற்காக ஒரு பிள்ளையின் கதையை ஓரமாகத் தள்ளிவிடாதீர்கள். சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே, தான் வெளியிட்ட கண்டறியும் கருவியைத் துல்லியம் போதவில்லை என்று 2023 ஜூலையில் விலக்கிக்கொண்டது. சந்தேகம் வந்தால் எங்களைக் கூப்பிட்டுப் பேசுங்கள். கதையில் வருகிற பெண் ஏன் கதவைத் திறக்கவில்லை என்பது போலக் கேளுங்கள். வேறு எப்படியெல்லாம் எழுதிப் பார்த்தாய் என்று கேளுங்கள். எழுதியவரிடம் அடித்துத் திருத்திய பக்கங்கள் இருக்கும், தூக்கிப்போட்ட ஒரு பாத்திரத்தின் பெயர்கூட இருக்கும். பத்து நிமிடப் பேச்சு போதும். குற்றம் சாட்டுகிற குரலில் இல்லாமல், வாசகராகக் கேட்டால் நாங்கள் விடாமல் பேசுவோம்.

"இதெல்லாம் உங்கள் வயதுக்கு ஏற்ற விஷயமா?" என்ற கேள்வியும் வரும். அமெரிக்க எழுத்தாளர் எஸ்.இ. ஹின்டன் 'தி அவுட்சைடர்ஸ்' நாவலைத் தொடங்கியபோது அவருக்குப் பதினைந்து வயது. 1967இல் அது வெளிவந்தபோது பதினெட்டு. தன் வயதினரின் உண்மையான வாழ்க்கையைச் சொல்லும் கதைகள் படிக்கக் கிடைக்கவில்லை என்பதால்தான் எழுதினேன் என்று சொல்லியிருக்கிறார். பையன்களுக்குள் கும்பல் சண்டை, வர்க்க வெறுப்பு, சாவு, எல்லாம் அதில் உண்டு. பெரியவர்கள் எங்களைப் பற்றி எழுதலாம், நன்றாகவும் எழுதுகிறார்கள். ஆனால் பதினைந்து வயதை நினைவிலிருந்து எழுதுவது வேறு, பதினைந்து வயதில் இருந்துகொண்டே எழுதுவது வேறு. எங்களுக்குத் தெரிந்த பயம், வீட்டில் கேட்கிற சண்டை, கூடப் படிக்கிறவன் திடீரென்று பேசுவதை நிறுத்திவிடுவது, இவற்றை நாங்கள் எழுதினால் உடனே எங்களைக் கூப்பிட்டு "வீட்டில் ஏதாவது பிரச்சினையா?" என்று விசாரிக்காதீர்கள். சில சமயம் அந்தக் கேள்வி அவசியம்தான், அதை நான் மறுக்கவில்லை. அதைத் தனியாக, அன்பாகக் கேளுங்கள். கதையை முதலில் கதையாகப் படித்துவிட்டுக் கேளுங்கள்.

காட்டாமல் வைத்துக்கொள்கிற உரிமையும் எங்களுக்கு வேண்டும். பின்னாளில் 'ஜேன் ஐர்' போன்ற ஆங்கில நாவல்களைத் தந்த பிரான்டி வீட்டுப் பிள்ளைகள் பொம்மைச் சிப்பாய்களுக்காகக் கதை எழுதி, தீப்பெட்டி அளவில் புத்தகங்கள் தைத்தார்கள். பெரியவர்கள் கண்ணால் படிக்க முடியாத அளவுக்கு எழுத்து பொடியாக இருந்தது. அங்கே யாரும் போட்டி வைக்கவில்லை, யாரும் பரிசும் கொடுக்கவில்லை. எழுதுகிற ஒவ்வொரு பிள்ளையையும் உடனே புத்தகம் போட வைக்க வேண்டும் என்று பெற்றோர்கள் அவசரப்படுகிறார்கள். பணம் வாங்கிக்கொண்டு "இளம் எழுத்தாளர்" பட்டம் தருகிறவர்களும் வந்துவிட்டார்கள். அந்தப் புத்தகங்களை ஒருவரும் திருத்துவதில்லை, வீட்டாரைத் தவிர எவரும் வாங்குவதும் இல்லை. அப்படி ஒரு புத்தகம் போட்டபின் எழுதுவதையே நிறுத்திவிட்ட ஒரு தோழி எனக்கு இருக்கிறாள். அவளுடைய பழைய நோட்டுகளில் இருந்த கதைகள் அந்தப் புத்தகத்தில் இருந்ததைவிட எவ்வளவோ நல்ல கதைகள்.

கல்கத்தாவைச் சேர்ந்த கவிஞர் தோரு தத் இருபத்தோரு வயதில், 1877இல் இறந்துபோனார். பிரெஞ்சு மொழியில் அவர் ஒரு முழு நாவல் எழுதி வைத்திருந்தது, இறந்த பிறகு அவருடைய தாள்களைப் பார்த்தபோதுதான் தந்தைக்குத் தெரிந்தது. 1879இல் அது பாரிசில் வெளியானது. அந்த நாவலைப் படித்த ஒரு வாசகருடன்கூட அவர் பேசியதில்லை என்று நினைத்தாலே எனக்கு மனம் ஆறவில்லை. காட்ட விரும்பி எங்கள் கதையை உங்களுக்கு அனுப்புகிறவர்கள் நாங்கள். அதற்காகவாவது படித்துவிடுங்கள்.

அடுத்த போட்டிக்கு அறிவிப்பு எழுதும்போது "நல்ல கருத்தை வலியுறுத்தும்" என்ற சொற்களை எடுத்துவிடுங்கள். எந்த வரியை மாற்றினாலும் அச்சுக்கு அனுப்பும் முன் எங்களிடம் காட்டுங்கள், ஒத்துக்கொள்ளவில்லை என்றால் கதையை அச்சிட வேண்டாம், திருப்பி அனுப்பிவிடுங்கள். நடுவர்களில் ஒருவராவது எங்கள் வயதில் இருக்கட்டும். பரிசு கிடைக்காத கதைகளுக்கும் இரண்டு வரிக் குறிப்பு எழுதுங்கள். எல்லாருக்கும் எழுத முடியாது என்றால் கதைகளின் எண்ணிக்கைக்கு வரம்பு வையுங்கள். ஆயிரம் கதை வந்தது என்று அறிவிப்பதைவிட நூறு கதையைப் படித்தோம் என்பது எங்களுக்குப் பெரிது.

என் தாத்தா கதையை, நான் எழுதிய முடிவோடு, மறுபடியும் அனுப்பப் போகிறேன். குறைகள் இருந்தால் எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் போட்டிகளில் எழுதுகிற ஒருத்தி