என் கையில் மண்வாரியைக் கொடுத்தவருக்கும் மற்ற எல்லோருக்கும்

பனிச்சரிவில் புதைந்து மீண்ட என் தம்பி வீட்டுக்கு வந்துவிட்டான். விலா எலும்பு வலியோடு படுத்தபடி ரசம் சாதம் கேட்கிறான். நடந்தது உங்களில் பெரும்பாலோருக்குத் தெரியும். அதை மறுபடி சொல்ல எனக்குத் தெம்பில்லை, நன்றி சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை.

அன்று கனடாவின் ரோஜர்ஸ் கணவாயில் எங்களுக்கு உதவ ஓடி வந்தவை மூன்று குழுக்கள், ஒன்றையொன்று அறியாதவை. அவர்களில் ஓர் அம்மா தம் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். பனிச்சறுக்குக் கழகம் ஒன்றின் உறுப்பினர், அறுபதைத் தாண்டியவர்.

புதைந்தவரைத் தேடப் பனிக்குள் குத்திப் பார்க்கும் நீண்ட புரோப் கம்பி தம்பியின் மேல் முட்டியதும், அதை அப்படியே நிற்கவிட்டுச் சரிவின் கீழ்ப்பக்கமிருந்து தோண்டத் தொடங்கினார்கள். நான் கதறிக்கொண்டு நின்றேன். அந்த நிலையில் இருப்பவளை யாராவது ஓரமாக அழைத்துப்போய் உட்கார வைப்பார்கள். அந்த அம்மா அப்படிச் செய்யவில்லை. மண்வாரி ஒன்றை என் கையில் திணித்து, "இவருக்குப் பின்னால், இடப்பக்கம் நில். அவர் வெட்டிப் போடுவதைப் பின்னே தள்ளு" என்றார். கொக்குக் கூட்டம் பறப்பதுபோலக் கூர்முனை வடிவில் நின்றோம். முன்னால் நிற்பவர் களைப்பதற்குள் "மாறு" என்று குரல் வரும், எல்லோரும் கடிகாரச் சுற்றில் ஓரிடம் நகர்வோம். எப்படி, எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை. என் கைகளுக்கு வேலை இருந்தது. அந்த நேரத்தில் அதைவிடப் பெரிய ஆறுதலை யாராலும் எனக்குத் தந்திருக்க முடியாது.

தம்பியின் தலைக்கவசம் தெரிந்ததும் அந்த அம்மா என்னைப் பின்வரிசைக்கு அனுப்பினார். மலை வழிகாட்டி ஒருவர் தம்பியின் வாயிலிருந்த பனியை அகற்றி, மூச்சு இருக்கிறது என்று சொல்லும்வரை அந்த அம்மா என் பார்வையை மறைத்துக்கொண்டு நின்றார்.

முன்பின் தெரியாதவர்கள் எப்படி இப்படிச் சேர்ந்து இயங்கினீர்கள் என்று பிறகு அந்த அம்மாவிடம் கேட்டேன். எல்லோரும் ஒரே முறையைப் படித்திருந்தோம் என்றார். புதைந்தவரைப் பத்து நிமிடங்களுக்குள் எடுத்தால் பெரும்பாலும் பிழைத்துவிடுவார், அதற்குப் பின் வாய்ப்பு வேகமாகச் சரிகிறது. ஹெலிகாப்டர் அதற்குள் வருவது அரிது. 2003 பிப்ரவரியில் இதே கணவாய்ப் பகுதியில், கொன்னாட் கிரீக்கில், ஏழு பள்ளி மாணவர்கள் பனிச்சரிவில் இறந்தபோதும், மற்றவர்களைத் தோண்டி எடுக்க முதலில் ஓடி வந்தவர்கள் அருகே சறுக்கிக்கொண்டிருந்த இரண்டு வழிகாட்டிகள்தாம். புதைந்தவரைக் கண்டுபிடிக்க உடலில் அணியும் சமிக்ஞைக் கருவியான ட்ரான்சீவர் எந்த நிறுவனத்துடையதானாலும் இன்று 457 கிலோஹெர்ட்ஸ் என்ற ஒரே வானொலி அலைவரிசையில்தான் பேசுகிறது. கருவிகளுக்கு வந்த அந்த ஒற்றுமை எல்லாக் கழகங்களின் பயிற்சிக்கும் வர வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். என் தம்பி உயிரோடு இருப்பது, அன்று வந்தவர்கள் எல்லோரும் ஒரே முறையைப் படித்திருந்ததால்தான்.

ஹெலிகாப்டர் குழுவினர், தேசியப் பூங்கா ஊழியர்கள், இரவெல்லாம் விழித்திருந்த செவிலியர்கள், பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டு அக்கா, மருத்துவமனைக்கு இட்லி கொண்டுவந்த கால்கரி நண்பர்கள், ஊரில் அம்மாவிடம் பக்குவமாகச் சொன்ன மாமா, எல்லோருக்கும் கைகூப்பி நன்றி.

இனி ஒவ்வொரு பருவத்தின் தொடக்கத்திலும் மீட்புப் பயிற்சி எடுக்காமல் மலையில் கால் வைக்க மாட்டேன். வரும் டிசம்பரில் எங்கள் கழகமும் அந்த அம்மாவின் கழகமும் சேர்ந்து பயிற்சி செய்யப் பேசியிருக்கிறோம். பனியில் நடக்கவோ சறுக்கவோ போகும் தமிழ் நண்பர்கள் அவசியம் வாருங்கள். கருவி இல்லாதவர்கள் முன்கூட்டியே சொன்னால் ஏற்பாடு செய்து வைக்கிறேன்.